மாலை ஆறு மணிச் சாப்பாடு: டச்சு அடுக்களைக் குறிப்புகள்

செப்டம்பர் 26, வியாழன் – லைடன்

நெதர்லாந்துக்குப் போகிறேன் என்றதும் ஊரில் எல்லோரும் சொன்னது ஒன்றுதான்: "அங்க சாப்பாடுன்னு ஒண்ணும் இருக்காது, ஊறுகாய் எடுத்துட்டுப் போ." எடுத்துக்கொண்டுதான் வந்திருக்கிறேன். ஆனால் இந்தத் தடவை காற்றாலையும் ட்யூலிப்பும் பார்க்க வரவில்லை. செப்டம்பரில் ட்யூலிப்பும் கிடையாது. சித்தி மகள் இங்கே ஒரு டச்சுக்காரரைக் கட்டிக்கொண்டு லைடனில் இருக்கிறாள். அவள் மாமியார் பழைய கைப்பக்குவம் உள்ளவர் என்று ரொம்ப நாளாகப் போனில் சொல்லிக்கொண்டிருந்தாள். அந்த அம்மாவின் அடுக்களையைப் பார்ப்பதுதான் முதல் வேலை, மற்றதெல்லாம் அப்புறம்.

முதலில் ரொட்டி. காலையிலும் ரொட்டி, மத்தியானமும் ரொட்டி. அடுப்பு பற்றுவது சாயங்காலம் ஒரே தடவை. பள்ளிக்கூடப் பிள்ளையிலிருந்து ஆபீஸ் மேனேஜர் வரைக்கும் மத்தியானம் டப்பாவைத் திறந்தால் இரண்டு துண்டு கோதுமை ரொட்டி, நடுவே சீஸ். கூடவே ஒரு டம்ளர் கார்னெமெல்க். நம்ம மோர்தான், கொஞ்சம் கெட்டி, உப்பு இல்லை. தங்கை வீட்டில் அதில் உப்பும் பெருங்காயமும் போட்டுக் குடிக்கிறோம். மாப்பிள்ளையும் இப்போது அப்படித்தான் குடிக்கிறார்.

பிள்ளைகளுக்கு ரொட்டியில் சீஸ் வேண்டாம், ஹாகல்ஸ்லாக் வேண்டும். வெண்ணெய் தடவிய ரொட்டிமேல் சாக்லேட் குச்சிமணிகளைத் தூவித் தின்பது. வெண்ணெய் இல்லாவிட்டால் ஒட்டாது, எல்லாம் சட்டையில்தான் கொட்டும். 1919இல் சோம்புச் சுவையில் வெள்ளையாக ஒன்று வந்தது. சாக்லேட்டில் வென்ஸ் கம்பெனி 1936இல் கொண்டுவந்தது. பெரியவர்களும் வெட்கப்படாமல் சாப்பிடுகிறார்கள். காலங்காத்தாலே சாக்லேட்டா என்று கேட்டேன். "அக்கா, நாம பொங்கலுக்கு மேல நெய் ஊத்துறதை இவங்க கேட்டா என்ன சொல்லுவீங்க?" என்றாள் தங்கை. சரி, அந்தப் பேச்சு அதோடு முடிந்தது.

சோம்பு என்றதும் இன்னொன்று. குழந்தை பிறந்த வீட்டுக்குப் போனால் வட்டமான ரஸ்க்கில் வெண்ணெய் தடவி, சர்க்கரை பூசிய சோம்பைத் தூவித் தருவார்கள். பெண் என்றால் வெள்ளையும் ரோஸும், ஆண் என்றால் வெள்ளையும் நீலமும். தாய்க்குப் பால் சுரக்க சோம்பு நல்லது என்ற நம்பிக்கை இங்கேயும் இருந்திருக்கிறது. 1938இல் இளவரசி பெயாட்ரிக்ஸ் பிறந்தபோது அந்தச் சோம்பு ஆரஞ்சு நிறத்தில் வந்தது, அரச குடும்பத்து நிறம் என்பதால்.

ராச்சாப்பாடு மாலை ஆறு மணிக்கு. ஆறு என்றால் ஆறு. ஐந்தரைக்கு யார் வீட்டுக்காவது அழைக்காமல் போய் நின்றால் இரண்டு பக்கமும் சங்கடம், ஏனென்றால் உருளைக்கிழங்கு ஆட்களை எண்ணித்தான் அடுப்பில் ஏறியிருக்கும்.

செப்டம்பர் 27, வெள்ளி – அல்க்மார்

மார்ச் கடைசியிலிருந்து செப்டம்பர் கடைசி வரை வெள்ளிக்கிழமைதோறும் இங்கே சீஸ் சந்தை. இன்றோடு இந்த வருஷத்துக்கு முடிகிறது. காலை பத்து மணிக்கு மணியடித்ததும் தொடங்கிவிடுகிறார்கள். எடைக்கூடத்துக்கு முன்னால் கல் பாவிய சதுக்கம் முழுக்க மஞ்சள் மஞ்சளாகச் சீஸ் வட்டுகள், ஒவ்வொன்றும் பதின்மூன்று கிலோவுக்குக் குறையாது.

சீஸ் சுமப்பவர்களின் சங்கம் 1593இலிருந்து இருக்கிறது. வெள்ளை உடுப்பு, வைக்கோல் தொப்பி. தொப்பியின் நிறத்தை வைத்து சிவப்பு, நீலம், பச்சை, மஞ்சள் என்று நான்கு அணி. படகு மாதிரி வளைந்த மரப்பலகையில் எட்டு வட்டுகளை அடுக்கி, தோளில் வாரை மாட்டி, முன்னால் ஒருவர் பின்னால் ஒருவர் என்று ஓட்டமும் நடையுமாகப் போகிறார்கள். பலகையோடு சேர்த்து ஏறக்குறைய 130 கிலோ. நடையைக் கவனித்தேன். இருவர் காலும் ஒரே தாளத்தில் விழாது, மாற்றி மாற்றி விழும். அதனால்தான் பலகை ஆடாமல் போகிறது. சந்தை நேரத்தில் குடிக்கக் கூடாது, புகைக்கக் கூடாது, கெட்ட வார்த்தை பேசக் கூடாது. தாமதமாக வந்தவர் பெயரை எழுதிவைக்க எடைக்கூடத்தில் ஒரு பலகையே இருக்கிறது.

இது இன்று வேடிக்கைக்காக நடப்பதுதான், நிஜ வியாபாரம் வேறு எங்கோ நடக்கிறது. ஆனால் சீஸைச் சோதிப்பவரின் வேலை நடிப்பில்லை. அரைக்குழாய் போன்ற ஒரு கருவியை வட்டில் குத்தி ஒரு சுற்றுச் சுற்றி உருவுகிறார். விரல் நீளத்துக்கு ஒரு துண்டு வருகிறது. மோந்து பார்க்கிறார், விரலிடையில் நசுக்குகிறார், நுனியைக் கடிக்கிறார். மிச்சத்தை அதே ஓட்டையில் சொருகி, கட்டைவிரலால் மேலே ஒரு தேய்ப்பு. குத்தின இடம் தெரியவில்லை. விலை பேசுவது கையில் கை அடித்து. ஒருவர் ஒரு விலை சொல்லி அடிக்க, மற்றவர் வேறு விலை சொல்லித் திருப்பி அடிக்க, கடைசியில் கை பிரியாமல் நின்றால் முடிந்தது பேரம்.

நான்கு வாரச் சீஸ் இளசு, நம் நாக்குக்கு ஒன்றுமே தெரியாது. நாலு மாதம் ஆனதில் ருசி வருகிறது. பத்து மாதத்துக்கு மேல் போனது பழசு, அதைத்தான் வாங்க வேண்டும். பல்லில் நறநறவென்று ஏதோ கடிபடும். உப்பு என்று நினைப்போம், அது புரதம் சிதைந்து உருவாகும் டைரோசின் படிகம். லைடன் பக்கத்துச் சீஸில் சீரகம் போடுகிறார்கள், வடக்கே ஃப்ரீஸ்லாந்தில் கிராம்பும் சேர்க்கிறார்கள். சுத்த சைவக்காரர்களுக்கு ஒரு தகவல்: பழைய முறைச் சீஸ்களில் பாலை உறையவைப்பது கன்றுக்குட்டி வயிற்றிலிருந்து எடுக்கும் ரென்னெட். கடையில் கேட்டால் அது இல்லாத சீஸைக் காட்டுவார்கள்.

சீஸ் சீவுகிற கரண்டியை நார்வேக்காரத் தச்சர் ஒருவர் 1925இல் பதிவு செய்தார். ஆனால் டச்சு வீட்டில் அது இல்லாமல் காலை விடியாது. ஒரு பக்கமாகவே சீவிச் சீவிச் சீஸைச் சறுக்குமரம் ஆக்கிவிட்டால் வீட்டில் திட்டு விழும். தங்கை மகனுக்கு இன்றைக்கே விழுந்தது.

ராத்திரி மாப்பிள்ளை சமையல், ஸ்டம்பொட். உருளைக்கிழங்கை வேகவைத்து மசித்து, சூடு ஆறுவதற்குள் பொடியாக நறுக்கிய ஆன்டைவ் கீரையைப் பச்சையாகவே கிளறிவிடுகிறார். கீரை பாதி வதங்கி, பாதி கறுக்கென்று நிற்கும். லேசான கசப்பு. கூடப் புகைபோட்ட ரோக்வோர்ஸ்ட் சாசேஜ். தட்டில் வைத்ததும் நடுவே கரண்டியால் ஒரு குழி, அதில் இறைச்சிச் சாறு. குழியின் கரை உடையாமல் ஓரத்திலிருந்து சாப்பிட்டு வருவது பிள்ளைகளின் போட்டி. அப்பாவும் அதில் சேர்த்தி. பனி விழுந்த பிறகு இதையே சுருட்டை முட்டைக்கோஸ் கீரையில் செய்வார்களாம், பனி பட்டால் அந்தக் கீரையில் இனிப்பு ஏறும். அதற்கு நான் டிசம்பரில் வந்திருக்க வேண்டும்.

செப்டம்பர் 28, சனி – லைடன் சந்தை

புதனும் சனியும் கால்வாய் ஓரமாகச் சந்தை. நேராக மீன் வண்டிக்குப் போனோம். ஹெர்ரிங் மீனை இங்கே பச்சையாகச் சாப்பிடுகிறார்கள் என்று சொல்வது பாதி உண்மை. கடலிலேயே செவுளையும் குடலின் பெரும்பகுதியையும் எடுத்துவிட்டு கணையத்தை மட்டும் உள்ளே விட்டு உப்பில் போடுகிறார்கள். கணையத்தின் நொதிதான் சதையைப் பதப்படுத்துகிறது. அடுப்பு செய்யாத வேலையை அது செய்கிறது. புழு பயத்துக்காக மைனஸ் 20 டிகிரியில் 24 மணி நேரமாவது உறையவைக்க வேண்டும் என்பது சட்டம். ஜூன் நடுவில் புதுப் பருவம் தொடங்கும்போது 16 சதவீதமாவது கொழுப்பு இருந்தால்தான் 'புது மீன்' என்ற பெயரில் விற்கலாம்.

வாலைப் பிடித்துத் தூக்கி, தலையை அண்ணாந்து, அப்படியே வாயில் விட வேண்டும் என்று படத்தில் பார்த்திருப்பீர்கள். ஆம்ஸ்டர்டாம்காரர்கள் துண்டு போட்டு வெங்காயமும் ஊறவைத்த வெள்ளரிக்காயும் வைத்து நாகரிகமாகச் சாப்பிடுகிறார்கள். நான் ஆம்ஸ்டர்டாம் கட்சி. நாற்றமே இல்லை. வெண்ணெய் போலச் சதை, அடியில் ஒரு உப்பு, வெங்காயத்தின் காரம். எங்கள் பக்கத்துக் கருவாட்டுப் பிரியர்கள் இங்கே வந்தால் வண்டிக்காரரை வீட்டுக்கு அழைத்துப் போய்விடுவார்கள்.

அடுத்த வண்டியில் ஸ்ட்ரோப்வாஃபல், கௌடா ஊர்ச் சரக்கு. இரும்பு அச்சில் அழுத்திய மெல்லிய வாஃபலை, சூடாக இருக்கும்போதே கத்தியால் இரண்டு தகடாகப் பிளக்கிறார்கள். நடுவே பட்டை வாசத்தோடு கொதிக்கும் பாகு. பாக்கெட்டில் வருவதைக் காபிக் கோப்பையின் மேல் மூடி வைத்து ஆவியில் இளக வைப்பார்கள். சுடச்சுடக் கிடைக்கும் இடத்தில் அதெல்லாம் வேண்டியதில்லை.

டிராப் மிட்டாயும் வாங்கினேன். கறுப்பாக நாணயம் போல இருக்கும். அதிமதுரம் என்று படித்ததும் நமக்குத் தெரிந்ததுதானே என்று வாயில் போட்டால், முதலில் அதிமதுரம், அப்புறம் நவச்சாரம். உப்பும் இல்லாத கசப்பும் இல்லாத ஒன்று மூக்கு வரை ஏறுகிறது. தலைக்கு வருஷம் இரண்டு கிலோ தின்கிறார்கள் என்பார்கள். தின்னட்டும்.

செப்டம்பர் 29, ஞாயிறு – டெவென்டர்

சம்பந்தியம்மா வீடு. ஐசல் ஆற்றங்கரைப் பழைய வணிக ஊர். தங்கை மாமியாரைப் பேர் சொல்லித்தான் கூப்பிடுகிறாள், இங்கே அது மரியாதைக் குறைவில்லை. எனக்கு வாய் வரவில்லை. "அம்மா" என்றே கூப்பிட்டேன். இரண்டாவது தடவையிலிருந்து அவரும் திரும்பிப் பார்க்கத் தொடங்கிவிட்டார்.

போனதும் காபி, கூட ஒரு பிஸ்கட். டப்பாவைத் திறந்து நீட்டினார், எடுத்தேன், மூடிவிட்டார். கஞ்சத்தனம் என்று இதைக் கேலி செய்பவர்கள் நிறைய. அதே அம்மா மத்தியானம் பன்னிரண்டிலிருந்து ஆறு வரை எங்களுக்காக அடுப்படியில் நின்றார். பிஸ்கட் அளவுக்கும் மனசு அளவுக்கும் சம்பந்தமில்லை.

இன்றைக்கு ஹஷே, அதாவது வெங்காயம் போட்ட மாட்டுக்கறிக் குழம்பு. மாட்டுக்கறி சாப்பிடாதவர்கள் இந்தப் பத்தியைத் தாண்டிவிடலாம், அல்லது ஆட்டுக்கறி என்று நினைத்துக்கொண்டு படிக்கலாம், அதிலும் நன்றாகவே வரும். கறி எவ்வளவோ வெங்காயம் அவ்வளவு, அரைக் கிலோவுக்கு அரைக் கிலோ. அடி கனத்த இரும்புச் சட்டியில் நிறைய வெண்ணெய். அது பொங்கி, நுரை அடங்கி, பழுப்பு வாசம் வந்த பிறகுதான் கறி உள்ளே போகிறது. அவசரப்பட்டு முதலிலேயே போட்டால் கறி நீர் விட்டு வெந்துவிடும், நிறம் வராது என்றார். வெங்காயம் வளையம் வளையமாக. பிரிஞ்சி இலை இரண்டு, கிராம்பு மூன்று, மிளகு, ஒரு குழிக்கரண்டி வினிகர், மூழ்கும் அளவுக்குத் தண்ணீர். பிறகு மூன்று மணி நேரம் மிகச் சிறிய தீயில். முன்பெல்லாம் இதற்கென்றே மண்ணெண்ணெய் அடுப்பு ஒன்று மூலையில் இருக்கும், அவர் அம்மா காலையில் அதில் ஏற்றிவிட்டு மற்ற வேலையைப் பார்க்கப் போய்விடுவாராம்.

கடைசி அரை மணி நேரத்தில் நடந்ததுதான் எனக்குப் புதுசு. டெவென்டர் கூக் என்று இந்த ஊர்க் கேக் ஒன்று உண்டு. கம்பு மாவைப் போன்ற ரை மாவும் தேனும் மசாலாவும் சேர்த்தது, வெண்ணெய் முட்டை கிடையாது, இழுத்தால் பசை போல நீளும். அதில் இரண்டு துண்டை எடுத்து, கடுகு விழுதைத் தடவி, கடுகுப் பக்கம் கீழே இருக்கும்படி குழம்பின் மேல் வைத்து மூடிவிட்டார். பத்து நிமிஷம் கழித்துத் திறந்தால் கேக் இல்லை, கரைந்து குழம்பு பளபளவென்று கெட்டியாகியிருந்தது. வினிகரின் புளிப்பு, தேனின் இனிப்பு, கடுகின் காட்டம், கிராம்பு வாசம். வெங்காயம் எங்கே போனதென்றே தெரியவில்லை. கறி நார் நாராகப் பிரிகிறது. மிளகாய் இல்லையே என்று ஒரு தடவைகூட நினைக்கவில்லை.

தொட்டுக்கொள்ளச் சிவப்பு முட்டைக்கோஸ். ஆப்பிளும் கிராம்பும் போட்டு வேகவைத்தது. அதிலும் வினிகர், ருசிக்கு மட்டுமில்லை. புளிப்பு இல்லாவிட்டால் கோஸ் நீலமாகிவிடும். ஒரு கரண்டியைத் தனியாக எடுத்துச் சமையல் சோடா போட்டுக் காட்டினார், பேரப்பிள்ளைகளுக்கு எத்தனை தடவை காட்டியிருப்பாரோ. பீன்ஸுக்கு மேலே ஜாதிக்காய்த் துருவல். ஜாதிக்காயும் அதற்கென்று சின்னத் துருவியும் அடுப்புப் பக்கத்திலேயே ஆணியில் தொங்குகின்றன.

உருளைக்கிழங்குக்குத் தனிப் பத்தி வேண்டும். கடையில் மூட்டையின் மேலேயே எழுதியிருக்கிறது: இது உதிரும் ரகம், இது உதிராத ரகம். மசிக்கவும் குழம்போடு சாப்பிடவும் முதலாவது. பின்ட்யே என்ற ரகத்தை ஃப்ரீஸ்லாந்துப் பள்ளி ஆசிரியர் க்ளாஸ் த ஃப்ரீஸ் 1905 வாக்கில் ஒட்டுச் சேர்த்து உண்டாக்கினார். புது ரகங்களுக்குத் தன் பிள்ளைகளின் பெயர்களையே வைத்துவந்தவர், அவை தீர்ந்துபோனதும் வகுப்பு மாணவி ஒருத்தியின் பெயரை இதற்கு வைத்துவிட்டார். அந்தப் பெண்ணின் பெயரில் நூறு வருஷத்துக்கு மேலாக வறுவல் கடைகள் ஓடிக்கொண்டிருக்கின்றன. கிழங்கு வெந்ததும் தண்ணீரை ஒட்ட வடித்து, மூடி போட்டு, சட்டியை இரண்டு கையாலும் பிடித்து நாலு குலுக்கு, மறுபடி சிறு தீயில் ஒரு நிமிஷம். ஓரமெல்லாம் பொரிந்து மாவு பூத்தது போல வருகிறது. குழம்பு பிடிக்க அந்த மாவுதான் வேண்டும்.

சரியாக ஆறு மணி. தட்டில் மூன்று பங்கு: கிழங்கு, கறி, காய். அப்புறம் எல்லோரும் முள்கரண்டியால் கிழங்கை நசுக்கி, குழம்பை விட்டு, காயையும் சேர்த்துப் பிசைந்து ஒன்றாக்கிவிடுகிறார்கள். நாம் கையால் சாதத்தில் செய்வதை இவர்கள் கரண்டியால் செய்கிறார்கள், வேறு வித்தியாசமில்லை. விருந்தாளி முன்னால் பிசையலாமா என்று சம்பந்தியம்மா ஒரு கணம் தயங்கினார். நான் ஏற்கெனவே பாதி பிசைந்திருந்தேன்.

சாப்பாட்டுக்குப் பின் ஃப்ளா, கஸ்டர்ட் மாதிரி, ஊற்றும் பதம். இப்போது அட்டைப்பெட்டியில் வருகிறது. கண்ணாடிப் பாட்டிலில் வந்த காலத்தில் அடியில் ஒட்டியதை வழிக்க நீளக் குச்சியின் நுனியில் அரைவட்ட ரப்பர் வைத்த ஒரு சாமான் எல்லா வீட்டிலும் இருந்தது. சம்பந்தியம்மா இழுப்பறையிலிருந்து எடுத்துக் காட்டினார். பாட்டில் போய்விட்டது, இது மட்டும் இன்னும் ஊறுகாய், கடுகு, மயோனைஸ் என்று எல்லா ஜாடியையும் வழித்துக்கொண்டிருக்கிறது.

செப்டம்பர் 30, திங்கள் – டெவென்டர்

காலையிலிருந்து மழை. "இன்னும் சீசன் வரவில்லை, இருந்தாலும்" என்று சொல்லிக்கொண்டே சம்பந்தியம்மா ஃப்ரீசரிலிருந்து பெரிய டப்பா ஒன்றை எடுத்தார். ஸ்னெர்ட், அதாவது பட்டாணிப் பருப்பு சூப். உடைத்த பச்சைப் பட்டாணியோடு செலரிக் கிழங்கு, லீக்ஸ், கேரட், பன்றிக் கால் எல்லாம் போட்டுப் பருப்பு கரையும் வரை கொதிக்க வேண்டும். முதல் நாள் சூப், மறுநாள்தான் ஸ்னெர்ட் என்பார்கள். நட்டுவைத்த கரண்டி விழாமல் நிற்க வேண்டும். இவர் சட்டியில் நின்றது. தொட்டுக்கொள்ள ஈரம் காயாத கறுப்பு ரை ரொட்டி, அதன்மேல் புகைபோட்ட பன்றிக் கொழுப்பும் கடுகும்.

கால்வாய்கள் உறையும் குளிர்காலத்தில் பனிச்சறுக்குப் போகிறவர்களுக்கான சாப்பாடு இது. ஃப்ரீஸ்லாந்தின் பதினோரு ஊர்களைச் சுற்றி 200 கிலோமீட்டர் சறுக்கும் பந்தயம் கடைசியாக நடந்தது 1997 ஜனவரி 4இல். அதற்குப் பிறகு அந்த அளவுக்குப் பனிக்கட்டி சேரவே இல்லை. சூப் மட்டும் வருஷம் தவறாமல் கொதிக்கிறது.

மத்தியானம் கிழங்கு உரிக்க உட்கார்ந்தோம். என் தோலைப் பார்த்துவிட்டு அவர் ஒன்றும் சொல்லவில்லை, தன் தோலை வெளிச்சத்தில் தூக்கிக் காட்டினார். மறுபக்கம் ஜன்னல் தெரிந்தது. அவர் போருக்குப் பின் பிறந்தவர். அவர் அம்மா 1944-45 குளிர்காலத்தில் ஆம்ஸ்டர்டாமில் இருந்தவர். ஜெர்மன் படை உணவு வரத்தை அடைத்த அந்த மாதங்களில் மேற்கு நகரங்களில் ஏறக்குறைய இருபதாயிரம் பேர் பசியில் செத்தார்கள். மக்கள் சர்க்கரைப் பீட்ரூட்டையும் ட்யூலிப் கிழங்கையும் அவித்துத் தின்றார்கள். "ட்யூலிப்பின் நடுக்குருத்தை எடுத்துவிட வேண்டும், அதில் விஷம் என்று அம்மா சொல்வாள்" என்றார், கத்தியை நிறுத்தாமல். அந்த அம்மா சாகும் வரை வீட்டில் பூச்சாடியில்கூட ட்யூலிப் வைத்ததில்லையாம்.

டச்சுச் சமையலை மொட்டை என்று சொல்வதற்கு முன் இதையெல்லாம் கொஞ்சம் யோசிக்க வேண்டும். பத்தொன்பதாம் நூற்றாண்டின் கடைசியில் பெண்களுக்கான சமையல் பள்ளிகள் வந்தன. சத்து, சிக்கனம், சுத்தம், இவை மூன்றும்தான் அங்கே பாடம். நாவுக்கு ருசி என்பது பாடத்தில் பின்னால் போய்விட்டது. பழைய பணக்கார வீடுகளின் மசாலா வாசம் அப்போது குறைந்ததுதான். பிறகு போர்.

அக்டோபர் 1, செவ்வாய் – தி ஹேக்

ஜாதிக்காய் மனசை விட்டுப் போகவில்லை. பீன்ஸில், காலிஃப்ளவரில், கீரையில் என்று எல்லாவற்றிலும் துருவுகிறார்களே, அது வந்த வழி நல்ல வழியில்லை. அந்தக் காலத்தில் உலகத்து ஜாதிக்காய் முழுக்க இன்றைய இந்தோனேசியாவின் பண்டா தீவுகளிலிருந்துதான் வந்தது. 1621இல் டச்சுக் கிழக்கிந்தியக் கம்பெனியின் யான் பீட்டர்சோன் கூன் படையோடு போய் அந்தத் தீவு மக்களில் பெரும்பாலோரைக் கொன்றும் துரத்தியும் அடிமைகளாக்கியும் தோட்டங்களைப் பிடித்தார். கம்பெனி வாசனைப் பொருளுக்கு மாற்றாகக் கொடுத்ததில் பெரும்பங்கு நம் சோழமண்டலக் கரைத் துணி. பழவேற்காட்டில் கோட்டை கட்டியது, 1658இல் போர்த்துக்கீசியரிடமிருந்து நாகப்பட்டினத்தைப் பிடித்தது எல்லாம் அந்தத் துணிக்காகத்தான். நம் நெசவாளி கைப்பட்ட துணி போய் வாங்கிவந்த ஜாதிக்காய்தான் இவர்கள் பீன்ஸுக்கு மேலே முதலில் விழுந்திருக்கும்.

அந்தச் சரித்திரத்தின் இன்னொரு முனை இந்த ஊரின் கடைத்தெருவில் இருக்கிறது. 1873இல் லல்லா ரூக் என்ற கப்பல் கல்கத்தாவிலிருந்து ஒப்பந்தக் கூலிகளை ஏற்றிக்கொண்டு, அப்போது தென் அமெரிக்காவில் டச்சுக்காரர்களின் காலனியாக இருந்த சுரினாம் போய்ச் சேர்ந்தது. பீகார், உத்தரப்பிரதேசப் பக்கத்து மக்கள். 1975இல் சுரினாம் விடுதலை ஆன சமயத்தில் அவர்களின் வாரிசுகள் ஏராளமாக நெதர்லாந்து வந்தார்கள், தி ஹேக்கில் நிறையப் பேர். அவர்கள் கடையில் ரொட்டி என்று கேட்டால் வருவது இது: அரைத்த பட்டாணிப் பருப்பை உள்ளே வைத்துத் தேய்த்த மெல்லிய ரொட்டி, மசாலாக் கோழி, உருளைக்கிழங்கு, முழு முட்டை, நீளக் காராமணிக்காய்ப் பொரியல். பக்கத்தில் மஞ்சள் நிற மிளகாய் ஒன்று, பெயர் மதாம் ஜனெட். அழகாக இருக்கிறதே என்று கடித்தால் காது வரை எரியும். ரொட்டியைக் கையால் பிய்த்துத்தான் சாப்பிட வேண்டும். பக்கத்து மேஜையில் தலைநரைத்த டச்சுத் தம்பதி பழகின கையோடு பிய்த்துக்கொண்டிருந்தார்கள்.

இந்தோனேசியாவும் இப்படித்தான் வீட்டுக்குள் வந்துவிட்டது. சம்பந்தியம்மா அலமாரியில்கூட சம்பல் பாட்டில் இருந்தது. பாட்டாட் கடையில் வறுத்த உருளைக்கிழங்கின் மேல் மயோனைஸ், வேர்க்கடலைச் சாஸ், பச்சை வெங்காயம் மூன்றையும் கொட்டித் தருகிறார்கள். பெயர் 'போர்'. பார்க்கவும் அப்படித்தான் இருக்கிறது. அதைப் பற்றி இதற்கு மேல் எழுத ஒன்றுமில்லை, நன்றாக இருந்தது.

அக்டோபர் 2, புதன் – லைடன்

நாளைக்குத் திருவிழா, ஊர் முழுக்கக் கடை போடுகிறார்கள், ராட்டினம் ஏறுகிறது. ராத்திரிக்குப் பிள்ளைகள் கேட்டு அடை அகலத்தில் பான்கேக். பன்றிக் கொழுப்புத் துண்டை வாட்டி அதன்மேலேயே மாவை ஊற்றி, சுட்டதும் பீட்ரூட் சர்க்கரைப் பாகு. இனிப்பும் உப்பும் ஒரே கடியில். எனக்கு ஆப்பிள் வளையம் வைத்தது ஒன்று.

அக்டோபர் 3, வியாழன் – லைடன்

1574இல் ஸ்பானியப் படை இந்த ஊரை மாதக்கணக்கில் முற்றுகையிட்டிருந்தது. உள்ளே பசியும் கொள்ளைநோயும், ஆயிரக்கணக்கில் சாவு. கோட்டையைத் திறந்துவிடச் சொல்லிக் கத்திய கூட்டத்திடம் மேயர் வான் டெர் வெர்ஃப், வேண்டுமானால் என் கையை வெட்டித் தின்னுங்கள் என்றாராம். அவர் சிலை இங்கே ஒரு பூங்காவில் இருக்கிறது. கடைசியில் அணைகளை உடைத்து வயல்களுக்குள் கடல்நீரை விட்டு, அந்த வெள்ளத்தில் தட்டைப் படகுகளை ஓட்டிக்கொண்டு வந்தார்கள் மீட்பவர்கள். அக்டோபர் 3 காலை அவர்கள் கொண்டுவந்தது ஹெர்ரிங் மீனும் வெள்ளை ரொட்டியும்.

அதனால் இன்றும் காலையில் எடைக்கூடத்தில் மீனும் ரொட்டியும் வழங்குகிறார்கள். விடிகாலையிலிருந்தே வரிசை. தங்கை முன்கூட்டியே சீட்டு வாங்கிவைத்திருந்தாள். ரொட்டியை அங்கேயே பிய்த்தோம். மீன் வீட்டுக்கு.

சாயங்காலம் ஹுட்ஸ்பொட், உருளைக்கிழங்கும் கேரட்டும் வெங்காயமும் சேர்த்து மசித்தது. ஸ்பானியர்கள் ஓடிப்போன இரவில் அனாதைச் சிறுவன் ஒருவன் அவர்கள் கொத்தளத்துக்குள் ஏறிப்போய்ப் பார்த்தபோது அடுப்பில் இன்னும் சூடாக ஒரு செம்புச் சட்டி இருந்ததாகக் கதை. அந்தச் சட்டி என்று ஒன்றை லாகென்ஹால் அருங்காட்சியகத்தில் வைத்திருக்கிறார்கள். அதில் உருளைக்கிழங்கு இருந்திருக்காது, அப்போது அது இந்த நாட்டுச் சாப்பாட்டுக்கே வரவில்லை. பார்ஸ்னிப் என்கிற வெள்ளைக் கிழங்குதான் இருந்திருக்கும்.

இன்றைய முறை: மாட்டு விலாக் கறியை பிரிஞ்சி இலை, மிளகு போட்டு மூன்று மணி நேரம் வேகவிட வேண்டும். அந்தத் தண்ணீரிலேயே ஒரு கிலோ உதிரும் கிழங்கு, ஒரு கிலோ தடித்த குளிர்காலக் கேரட், அரைக் கிலோ வெங்காயம். வெந்ததும் வடித்து, வடித்த தண்ணீரை எடுத்துவைத்துக்கொண்டு, வெண்ணெய் போட்டு மத்தால் குத்த வேண்டும். உப்பு, மிளகு. அவ்வளவுதான். சைவத்துக்குக் கறியை விட்டுவிடலாம், வெங்காயத்தை மட்டும் வெண்ணெயில் சிவக்க வதக்கிச் சேர்த்தால் நஷ்டம் தெரியாது.

சம்பந்தியம்மாவும் டெவென்டரிலிருந்து வந்துவிட்டார். லைடன்காரர்கள் ஹுட்ஸ்பொட்டைக் கூழாக்கிவிடுகிறார்கள் என்பது அவர் கட்சி. கேரட் கேரட்டாகத் தெரிய வேண்டும். பக்கத்து வீட்டுக்காரர் பரம்பரை லைடன், அவர் ஒத்துக்கொள்ளவில்லை. வெங்காயத்தை முதலிலேயே போடுவதா கடைசியில் போடுவதா என்று அடுத்த சண்டை. மாப்பிள்ளை இரண்டு சட்டியில் இரண்டு விதமாகச் செய்தார். என்னைத் தீர்ப்புச் சொல்லச் சொன்னார்கள். விருந்துக்கு வந்த இடத்தில் சம்பந்தியம்மா பக்கம்தான் பேச முடியும், பேசினேன். நிஜமாகவே அதுதான் நன்றாகவும் இருந்தது. பக்கத்து வீட்டுக்காரர் தன் சட்டியில் மிஞ்சியதைத் தூக்கிக்கொண்டு கிளம்பினார், நாளைக்கு வெண்ணெயில் மொறுமொறுவென்று வறுத்து மேலே முட்டை உடைத்து ஊற்றினால் எது மேல் என்று தெரியும் என்று சொல்லிக்கொண்டே.